உன் தம்பி விஷயம்

தர்மபுரி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைச்சுது. அம்மாவுக்கு முட்டி வலி குறைஞ்சிருக்குன்னு படிச்சதும் நிம்மதியா இருந்துச்சு. இங்க ஆடித் தள்ளுபடி, ராத்திரி பத்து மணிக்குத்தான் கடையில விடுறாங்க. அதான் பதில் எழுத நாளாயிடுச்சு.

தம்பி விஷயத்துக்கு வர்றேன். ஓசூர் கம்பெனி பஸ்ல வர்ற பொண்ணு அவனைப் பார்த்துச் சிரிக்கிறா, பேசும்போது முடியைக் காதுக்குப் பின்னாடி ஒதுக்குறா, அதனால அவளுக்கும் விருப்பம்தான்னு அவன் உறுதியா இருக்கிறதா எழுதியிருக்க. படிச்சதும் எனக்குக் கவலைதான் வந்துச்சுடி. துணிக்கடையில நிக்கிறவளுக்குச் சிரிப்பும் வேலைதான். சேலையை விரிச்சுக் காட்டிச் சிரிச்சுப் பேசினா, மறுநாள் அதே ஆள் எதுவும் வாங்காம வந்து நிக்கிறான். அமெரிக்க உளவியலாளர் ஆன்டோனியா ஆபி 1982-ல வெளியிட்ட ஆய்வுலயும் இதேதான். ஒரு ஆணும் பெண்ணும் சும்மா பேசிக்கிறதைக் கவனிச்சவங்கள்ல, அந்தப் பொண்ணோட நட்பை ஈர்ப்புன்னு எடுத்துக்கிட்டது பெண்களைவிட ஆண்கள்தான் அதிகம்.

மனசாரச் சிரிச்சா கன்னம் ஏறிக் கண்ணோரம் சுருங்கும்னு பிரான்ஸ் மருத்துவர் டூஷேன் 1862-லயே எழுதிட்டார். ஆனா அது சந்தோஷத்தைத்தான் காட்டும், காதலையே காட்டும்னு இல்ல.

இந்தக் குறள் ஞாபகம் இருக்கா? 'யான்நோக்கும் காலை நிலன்நோக்கும்.' அவன் பார்த்தா அவ தரையைப் பார்க்கிறா. அவன் பார்க்காதப்போ அவளா அவனைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறா. முதல் பாதியை மட்டும் வச்சுப் பார்த்தா அது சங்கடமாகூட இருக்கலாம். ரெண்டாவது பாதி வந்தாத்தான் அது விருப்பம். அந்த ரெண்டாவது பாதியை உன் தம்பி பார்த்திருக்கானா?

அவகிட்ட எதைக் கவனிக்கணும்னு அவனுக்குச் சொல்லு. மத்தவங்ககிட்டயும் இப்படியேதான் சிரிக்கிறாளா? அவளா எப்பவாவது பேச்சை ஆரம்பிக்கிறாளா? பக்கத்துல உட்கார்ந்தா பையை எடுத்து மடியில வச்சுக்கிறாளா, இல்ல நடுவுல தள்ளி வைக்கிறாளா? இயர்போனை எடுத்து மாட்டிக்கிறாளா? நடுவுல பையும் காதுல இயர்போனும் வந்துட்டா அதுக்கு மேல யோசிக்க எதுவும் இல்ல, விலகிடணும்.

அப்பவும் சந்தேகம் இருந்தா ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேக்கட்டும். பஸ்ல வேண்டாம். அவ தினமும் ஏறியே ஆகணும், நாலு பேர் முன்னாடி விலகிப் போக அவளுக்கு வழியில்ல. "பார்க்கலாம்"னு இழுத்தா அதை இல்லைன்னே எடுத்துக்கணும், மறுபடி கேக்கக் கூடாது.

நீ அவனைத் திட்டாத, அவன் நல்ல பையன். தள்ளுபடி முடிஞ்சதும் ஒரு ஞாயித்துக்கிழமை கிருஷ்ணகிரி வந்து நானே அவன்கிட்ட பேசுறேன்.

அன்புடன்,
உன் தோழி