லட்சம் ஐடி வேண்டாம், கேட்டு வாங்கின 300 போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல சின்னதா தொழில் பண்றவங்க ஈமெயில் மூலமா விளம்பரம் பண்றதப் பத்தி ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு, நடுவுல ஒரு வரி வந்துச்சு பாருங்க, மெயில் ஐடி லிஸ்ட் ரெடிமேடாவே கிடைக்குது, வாங்கி அனுப்பினா ஒரே நாள்ல ஆயிரக்கணக்கான பேருக்குப் போய்ச் சேரலாம்னு. அதப் படிச்சதும் பேப்பர மடிச்சு வச்சிட்டு இத எழுத உக்காந்துட்டேன். அந்தக் குழியில விழுந்து எந்திரிச்சவ நான்.

நான் வீட்டுல இருந்தே கையால தைச்ச நோட்டு, டைரி, படம் வரையுற புக்கு இதெல்லாம் செஞ்சு விக்கிறேன். ஆளுன்னு பாத்தா நான் ஒருத்திதான், பார்சல் கட்டுற நாள்ல மட்டும் தங்கச்சி கூட வந்து உக்காருவா. ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தர் போன் பண்ணி "மேடம், ஸ்டேஷனரியில ஆர்வம் உள்ள 20,000 பேரோட ஐடி இருக்கு, எல்லாம் செக் பண்ணது"ன்னார். வாங்கினேன். எக்செல் ஷீட்டத் திறந்து பாத்தா பேரு இருக்க வேண்டிய கட்டம் பாதிக்கு மேல காலி, சில ஐடியில அட் சைனு ரெண்டு தடவ இருக்கு, ஏதோ ஆஃபீஸோட புகார் பிரிவு ஐடி, அக்கவுன்ட்ஸ் ஐடி எல்லாம் வேற நடுவுல நடுவுல. புகார் பிரிவுல உக்காந்திருக்கவருக்கு எதுக்குங்க ஸ்கெட்ச் புக்கு? அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும், ஆசை கண்ண மறைச்சிடுச்சு.

என் சொந்த டொமைன் ஐடியில இருந்து, அதாவது அட் சைனுக்கு அப்புறம் ஜிமெயில்னு இல்லாம என் கடைப் பேரே வர்ற ஐடியில இருந்து, நாளுக்கு ஆயிரம் ஆயிரமா அனுப்ப ஆரம்பிச்சேன். மூணாவது நாள் காலைல இன்பாக்ஸ் பூரா போய்ச் சேரலன்னு திரும்பி வந்த மெயிலுதான், ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டே இருக்கேன் முடியவே இல்ல. ஆர்டரு? ஒண்ணே ஒண்ணு வந்துச்சு, அதுவும் மறுநாளு கேன்சல்.

நஷ்டம் அதோட போயிருந்தா கூட மனச தேத்திக்கலாம். அடுத்த வாரம் என்கிட்ட அஞ்சு வருஷமா வாங்குற ஒரு அம்மா போன் பண்ணாங்க. "பணம் கட்டி நாலு நாளாச்சு, பில்லும் வரல, பார்சல் நம்பரும் வரல, ஒரு தகவலும் இல்ல, உன்னப் போய் இப்படி நினைக்கவே எனக்குக் கஷ்டமா இருக்கும்மா"ன்னாங்க. நான் எல்லாம் அன்னிக்கே அனுப்பிட்டேன். வேண்டாத மெயில ஒதுக்கிப் போடுற ஸ்பேம் ஃபோல்டர்ல போய்ப் பாக்கச் சொன்னேன், மூணு மெயிலும் அங்கதான் கிடந்துச்சு. அப்புறம் ஒவ்வொருத்தரா விசாரிச்சா பழைய கஸ்டமர்ல நிறைய பேருக்கு இதே கதை. லிஸ்ட்ட வித்தவரு மேல கோபம் வந்துச்சு, ஆனா அனுப்புன விரல் என்னோடதுதானே.

ஏன் இப்படி ஆகுதுன்னு அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். மெயில் சர்வீஸ் நடத்துறவங்க ஒவ்வொரு டொமைனுக்கும் மனசுக்குள்ள ஒரு மார்க் போட்டு வச்சிருக்காங்க. செத்துப்போன ஐடிக்கு அனுப்பி மெயிலு திரும்பினா மார்க் குறையும், வாங்கினவங்க ஸ்பேம்னு பட்டன அமுக்கினா இன்னும் குறையும். இது போக யாரும் பயன்படுத்தாம விட்ட பழைய ஐடி சிலத பொறி மாதிரி வச்சிருப்பாங்க, அதுக்கு மெயில் போச்சுன்னா இவன் கேக்காம அனுப்புறவன்னு அங்கேயே முடிவாயிடும். விலைக்கு வாங்குற லிஸ்ட்டுல இந்த மூணுமே இருக்கும். கூகுளு ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தத் தொடவே கூடாதுங்குது, 0.1க்குக் கீழயே வச்சுக்கோங்கன்னும் சொல்லுது. கணக்குப் போட்டுப் பாருங்க, ஆயிரம் பேருக்கு அனுப்பினா அதுல மூணே மூணு பேரு எரிச்சலாகி அமுக்கினாப் போதும், கெட்ட பேருதான். பேர மீட்டு எடுக்க எனக்கு நாலு மாசம் ஆச்சு.

இந்த ஆசை இன்னிக்கு நேத்து வந்தது இல்ல. 1978 மே மாசம், இன்டர்நெட்டுக்கு முன்னோடியா இருந்த அர்பாநெட்டுல, டிஇசிங்கிற கம்ப்யூட்டர் கம்பெனியோட மார்க்கெட்டிங் ஆளு கேரி தெர்க் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்த அனுப்பினாரு. கேக்காம கூட்டமா அனுப்புன முதல் மெயிலுன்னு அதத்தான் சொல்றாங்க. ஐடி எல்லாம் அட்ரஸ் கட்டத்துல கொள்ளாம மெயிலுக்குள்ளயே வழிஞ்சிடுச்சாம். அதனால விற்பனை நடந்துச்சுன்னு அவரு பின்னாடி சொன்னாரு, திட்டும் பலமாவே வாங்கினாரு. ஆனா அப்ப அது புதுசு, இப்ப ஒரு ஆளுக்கு நாளுக்கு எத்தன மெயில் வருதுன்னு உங்க இன்பாக்ஸயே பாருங்களேன்.

வழிஞ்சதுன்னு சொன்னதும் என் பழைய கூத்து ஒண்ணும் ஞாபகம் வருது. தொழில் ஆரம்பிச்ச புதுசுல எல்லா கஸ்டமரோட ஐடியையும் எல்லாருக்கும் தெரியுற டூ (To) கட்டத்துலயே போட்டு அனுப்பிட்டேன், ஒருத்தர் ஐடி இன்னொருத்தருக்குத் தெரியாம அனுப்புற பிசிசி (BCC)ன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. பத்து நிமிஷத்துல ஒருத்தர் "என் ஐடிய எல்லாருக்கும் யார் காட்டச் சொன்னது"ன்னு ரிப்ளை ஆல் போட்டாரு, அதுக்கு இன்னொருத்தர் "என்னையும் எடுத்துடுங்க"ன்னு ரிப்ளை ஆல், சாயங்காலம் வரைக்கும் ஓடுச்சு. அந்த லிஸ்ட்டுல என்ன மாதிரியே நோட்டு செய்யுற ஒருத்தரும் இருந்திருக்காரு, அடுத்த வாரம் என் கஸ்டமர் எல்லாருக்கும் அவரோட மெயில் போயிருக்கு. தங்கத் தட்டுல வச்சுக் குடுத்தது நான்தான், யார என்ன சொல்றது. இப்ப பிசிசியும் போடுறதில்ல, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போற மாதிரி அனுப்புற சர்வீஸ்தான் வச்சிருக்கேன். சாதா ஜிமெயில்ல நாளுக்கு 500 பேருக்கு மேல அனுப்ப விடவும் மாட்டாங்க.

இப்ப என்கிட்ட இருக்குற லிஸ்ட்டு 300 சொச்சம். பார்சலுக்குள்ள ஒரு சின்னச் சீட்டு வைப்பேன், மாசம் ஒரு தடவ மெயில் போடுவேன், வேணும்னா உங்க ஐடிய எழுதி அனுப்புங்கன்னு. சைட்டுல ஆர்டர் போடும்போது ஒரு டிக் கட்டம் இருக்கு, அத நானே டிக் போட்டு வைக்கிறதில்ல. ஐடி குடுத்ததும் "நீங்கதானா"ன்னு உறுதி பண்ண ஒரு மெயில் போகும், அதுல லிங்க அமுக்கினாத்தான் லிஸ்ட்டுக்குள்ள வருவாங்க. மெதுவாத்தான் வளருது, ஒரு மாசம் நாலு பேரு, ஒரு மாசம் பத்து பேரு. அந்த 20,000ல வந்தது கேன்சல் ஆன ஒரு ஆர்டரு, இந்த 300ல ஒவ்வொரு தடவையும் பத்துக்குக் குறையாம வருது.

எழுதுறதப் பத்தியும் கட்டுரையில ஒண்ணும் இல்ல, அதனால சொல்றேன். நான் முதல்ல வச்சிருந்த ஐடி காலேஜ்ல படிக்கும்போது ஆரம்பிச்சது, செல்லப் பேரு, அதுக்குப் பின்னால ஒரு பூ பேரு, அதுக்குப் பின்னால பொறந்த வருஷம். அதுல இருந்து பில்லு போனா யாரு நம்புவா? சொந்த டொமைன்ல ஐடி வச்சதுமே பேச்சுல மரியாதை கூடிடுச்சு. ஆனா பதில் அனுப்ப முடியாத நோ ரிப்ளை ஐடி மட்டும் வேண்டவே வேண்டாம். பெரிய கம்பெனிக்காரன் வச்சுக்கட்டும், நமக்கு ஆர்டரே பதில்லதான் வருது.

சப்ஜெக்ட் லைன்ல முதல்ல "மாபெரும் தள்ளுபடி, இன்றே கடைசி"ன்னு ஆச்சரியக்குறி மூணு போட்டு அனுப்பிட்டு இருந்தேன். போன ஜூன்ல ஒரு தடவ "போன தடவ வாங்கின நோட்டு தீர்ந்துடுச்சா?"ன்னு மட்டும் போட்டேன். உள்ள நாலே வரி, கோடு போடாத தாள்ல புதுசா தைச்சிருக்கேன், நூலு இந்தத் தடவ நீலம், வேணும்னா இந்த மெயிலுக்கே பதில் போடுங்கன்னு, ஒரு போட்டோ. 22 பேரு பதில் எழுதினாங்க, அதுல ஒருத்தர் இன்னும் பாதி இருக்கு, தீர்ந்ததும் சொல்றேன்னு எழுதினாரு, செப்டம்பர்ல சொல்லி வாங்கவும் செஞ்சாரு. முழு போஸ்டரையும் ஒரே படமா அனுப்புறவங்க நிறைய பேரு இருக்காங்க, படம் லோட் ஆகலன்னா வெறும் வெள்ளைக் கட்டம்தான் தெரியும், விஷயத்த எழுத்துல வைங்க.

டெக்னிக்கல் பக்கம் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்னு மூணு இருக்கு. இந்த மெயிலு நிஜமாவே இந்த டொமைன்காரங்க அனுப்புனதுதானான்னு காட்டுற முத்திரை மாதிரி, டொமைன் செட்டிங்ல போய்ச் சேக்கணும். 2024 பிப்ரவரில இருந்து கூகுளும் யாஹூவும் இதுல கறாரா ஆயிட்டாங்க. ஜிமெயிலுக்கு நாளுக்கு 5,000 மெயில் அனுப்புறவங்களுக்கு மூணும் கட்டாயம், நம்மள மாதிரி சின்ன ஆளுங்களுக்கும் முதல் ரெண்டுல ஒண்ணாவது இருக்கணும். எனக்கு இத டொமைன் வித்த கம்பெனியோட உதவி ஆளு அரை மணி நேரத்துல போட்டுக் குடுத்தாரு, பயப்படுற அளவுக்கு ஒண்ணும் இல்ல.

இனிமே மெயில் வேண்டாம்னு விலகுறதுக்கான அன்சப்ஸ்கிரைப் லிங்க் விஷயத்துலதான் நம்ம ஆளுங்க ரொம்பத் தப்புப் பண்றாங்க. கண்ணுக்குத் தெரியாத சாம்பல் கலர்ல கடைசியில ஒளிச்சு வைக்கிறாங்க. போறவங்க வழி தேடிப் பாப்பாங்க, கிடைக்கலன்னா ஸ்பேம் பட்டன்தான், அது எவ்வளவு வினைன்னு மேல சொல்லிட்டேன். அமெரிக்காவுல 2003லயே சட்டம் போட்டாங்க, விலகுறேன்னு சொன்னவங்கள 10 வேலை நாளுக்குள்ள எடுத்தாகணும். ஐரோப்பாவுல 2018ல இருந்து அமல்ல இருக்குற ஜிடிபிஆர் சட்டத்துல சம்மதம்னா ஆளு தானா குடுத்ததா இருக்கணும், முன்னாடியே டிக் போட்டு வச்ச கட்டம் செல்லாது. நான் லிங்க மேலயே பளிச்சுன்னு வச்சிருக்கேன், மாசம் ஒண்ணு ரெண்டு பேரு போறாங்க, போகட்டும்.

எத்தன பேரு திறந்தாங்கங்கிற கணக்கப் பாத்து சந்தோஷப்படுறதையும் விட்டுட்டேன். 2021 செப்டம்பர்ல ஆப்பிள் கொண்டு வந்த பாதுகாப்பு வசதியில ஆளு திறக்கலன்னாலும் திறந்த மாதிரி கணக்குல ஏறிடுது. பதிலு, ஆர்டரு, இந்த ரெண்டத்தான் எண்ணுறேன்.

அந்தக் கட்டுரையில லிஸ்ட் வாங்கலாம்ங்கிற ஒரு வரிக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் போடுங்க சார். அதப் படிச்சிட்டு எத்தன பேரு போன எடுத்திருப்பாங்களோ. எனக்கு லிஸ்ட் வித்தவரு இப்பவும் மாசம் தவறாம மெயில் அனுப்புறாரு, இப்ப 50,000 பேராம், எல்லாம் செக் பண்ணதாம். அவரு மெயில்ல அன்சப்ஸ்கிரைப் லிங்க்கே இல்ல.

இப்படிக்கு,
நோட்டு தைக்கிற உங்க வாசகி