விலை உழைப்பு விகிதம் 4 என்றால் மலிவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நிதிக் கம்பனிப் பங்குகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் உங்கள் வணிகப் பக்கம் "விலை உழைப்பு விகிதம் 4தான், மலிவு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. சோப்பு செய்யும் கம்பனிக்கு அந்த வரி ஓரளவு போதும். ஓட்டோவுக்கு லீசிங் கொடுத்து, நகை அடகும் பிடிக்கும் கம்பனிக்குப் போதாது.

பங்கின் விலையைப் பங்கொன்றிற்கான உழைப்பால், அதாவது ஆண்டு இலாபத்தால், வகுத்தால் வருவது இந்த விகிதம்; சிறிதாக இருந்தால் உழைப்புக்கு விலை மலிவு என்பார்கள். விலை சந்தையிலேயே தெரியும். உழைப்பில்தான் சிக்கல். சோப்பு விற்றவனுக்குப் பெரும்பாலும் காசு கைக்கு வந்துவிடும். கடன் கொடுத்தவனுக்கு இனித்தான் வரவேண்டும். எவ்வளவு வராமல் போகும் என்று கம்பனியே மதிப்பிட்டு, அதை ஐயக்கடன் ஏற்பாடாக ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதுதான் அறிக்கையில் காட்டும் இலாபம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொடுத்த கடன் 1000 கோடி ரூபாய். 2 சதவீதம், அதாவது 20 கோடியை ஒதுக்கியபின் இலாபம் 50 கோடி. பங்குகள் 5 கோடி, ஆகவே பங்கொன்றுக்கு 10 ரூபாய். பங்கு 40 ரூபாய்க்குப் போனால் விகிதம் 4. உண்மையில் 4 சதவீதம் ஒதுக்கியிருக்க வேண்டும் என்றால் (வரியை விட்டுவிடுவோம்) இலாபம் 30 கோடி, விகிதம் 6.7. 6 சதவீதம் என்றால் இலாபம் 10 கோடிதான், விகிதம் 20! வாங்கியவர் கொடுத்ததோ அதே 40 ரூபாய்.

எங்கள் ஊரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள். ஓட்டோக்காரரும் தவணையை ஒழுங்காகக் கட்டிவிடுவார். மாரியில் கடல் கொந்தளித்து ஹோட்டல்களும் வெறிச்சோடினால் ஒன்றிரண்டு தவணை தவறும். 30 நாள் தாண்டினால் கணக்கீட்டு நியமப்படி அந்தக் கடன் பொதுவாக இரண்டாம் நிலைக்கும் (ஆபத்துக் கூடிய கடன்), 90 நாள் தாண்டினால் மூன்றாம் நிலைக்கும் (பழுதான கடன்) போகும், ஒதுக்கமும் கூடும். நாடு முழுக்கக் கடன் கொடுக்கும் கம்பனிக்குத் மாரியில் களைகட்டும் தெற்கின் சுற்றுலாப் பருவம் ஓரளவு ஈடுகட்டும், சரி. ஆனாலும் ஒரு நல்ல காலாண்டின் உழைப்பை நாலால் பெருக்கி விகிதம் போடுவது நியாயமா?

கடன் வேகமாக வளரும் ஆண்டிலும் கவனம் வேண்டும். புதுக் கடன் முதல் மாதத்திலேயே பழுதாகாது. மொத்தம் பெருகுவதால் பழுதான கடனின் வீதம் தானாகச் சிறுத்துத் தெரியும்.

அப்புறம் வட்டி. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை (நாட்டின் மற்ற வட்டிகளுக்கு வழிகாட்டும் வட்டியை) ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. பொதுமக்களின் வைப்புக்குக் கம்பனி கொடுக்கும் வட்டி எகிற, ஏற்கெனவே கொடுத்த லீசிங்கின் வட்டி அப்படியே நின்றது. 2023 ஜூனில் குறைப்புத் தொடங்கியதும் நிலைமை தலைகீழ்: வைப்புகள் முதிர முதிர மலிவான வட்டிக்கு மாறின, உயர்ந்த வட்டியில் கொடுத்த லீசிங் அதே வட்டியில் ஓடியது. அப்படிக் கிடைக்கும் இலாபம் அந்த லீசிங் முடியும்வரைதான்.

அடுத்த முறை விகிதத்துக்குப் பக்கத்தில் மூன்றாம் நிலைக் கடனின் வீதம், அதற்கு ஒதுக்கிய தொகை, பங்கொன்றின் தேறிய சொத்துப் பெறுமதி (சொத்திலிருந்து கொடுக்கவேண்டியதைக் கழித்து மிஞ்சுவது) ஆகியவற்றையும் போடுங்கள். எல்லாம் ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் இருக்கின்றன. பொடி எழுத்து ஆங்கிலத்தில் அவற்றைத் துழாவ எல்லோராலும் முடியாது. அதற்குத்தானே உங்கள் பத்திரிகையை வாங்குகிறோம்.

ஓய்வுபெற்ற கணக்கீட்டு ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.