வட்டத்தைத் தாண்டாதவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த கொரோனா கால நினைவுக் கட்டுரையை வழக்கம்போல என் மாமியாருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். குடிசைப் பகுதி மக்கள் பொறுப்போடு இடைவெளி விட்டு இருந்திருந்தால் மும்பை இவ்வளவு பட்டிருக்காது என்று ஒரு வரி வந்தது. கண் எரிகிறது என்று அவரிடம் சொல்லிப் பேப்பரை மடித்துவிட்டேன்.

தாராவியில் எங்கள் சந்தின் அகலமே மூன்றடி. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கிறோம். இதில் ஆறடி இடைவெளிக்கு எங்கே போவோம்? ஆனாலும் முடிந்ததைச் செய்தோம். அதிகாலை நான்கு மணிக்கு என் வீட்டுக்காரர் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் விற்கும் இட்லிதான் எங்கள் பிழைப்பு. ஊரடங்கு அறிவித்ததுமே இட்லிப் பானையைக் கழுவிப் பரணில் கவிழ்த்துவிட்டோம். தாராவியில் முதல் நோயாளி தெரிய வந்தது அதற்கப்புறம், 2020 ஏப்ரல் 1 அன்று.

பொதுக் கழிப்பறை முன்னால் சுண்ணாம்பில் வட்டம் போட்டார்கள். பதினோரு வட்டத்துக்குத்தான் இடம் இருந்தது, பன்னிரண்டாவது ஆள் ரோட்டில் நிற்க வேண்டும். என் மாமியார் சர்க்கரை வியாதிக்காரர். ஒரு கையில் தண்ணீர் டப்பா, இன்னொரு கையில் மூக்கோடு சேர்த்துப் பிடித்த முந்தானை. அடக்க முடியாமல் கண்ணில் நீர் வந்த நாளில்கூட அவர் வட்டத்தைத் தாண்டவில்லை. மே மாதம் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. யாரும் வந்து இழுத்துப் போகவில்லை, அவராகவே போய்ச் சொல்லித் தனிமை முகாமில் படுத்தார். இங்கே கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்கள் அந்த வெயிலில் கவச உடை போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். இதெல்லாம் பொறுப்பு இல்லையா, ஐயா?

குடிசைப் பகுதிகளில் தொற்று அதிகம் பரவியது உண்மைதான். 2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, குடிசைப் பகுதிகளில் 100க்கு 57 பேருக்கும் மற்ற இடங்களில் 16 பேருக்கும் ஏற்கெனவே தொற்று வந்துபோன அடையாளம் இருந்தது. அந்த வித்தியாசம் குணத்தில் இல்லை. ஒரே கக்கூஸை, ஒரே குழாயை எத்தனை வீடு பங்கு போடுகிறது என்பதில் இருக்கிறது. அதே ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அந்த டிசம்பர் 25 அன்று இங்கே ஒரு புதிய நோயாளிகூட இல்லை. நீங்கள் அறியாததல்ல.

எங்களைப் பற்றி இப்படிப் பேசுவது கொரோனாவோடு வந்த பழக்கமும் இல்லை. மறுபடி இட்லி விற்கப் போனபோது, பதினைந்து வருடம் எங்களிடம் வாங்கிச் சாப்பிட்ட ஒரு கட்டடத்தின் கேட்டிலேயே என் வீட்டுக்காரரை நிறுத்தினார்கள். அதற்கும் முன்னால், என் மகள் வேலைக்கு மனுப் போடும்போது முகவரியில் தாராவி வேண்டாம், பக்கத்துப் பகுதியான சயான் பெயரை எழுது என்று சொல்லிக் கொடுத்தது அவளுடைய டீச்சர். அவள் அப்படித்தான் எழுதினாள். வேலையும் கிடைத்தது. இன்றுவரை ஆபீஸ் தோழிகள் யாரையும் அவள் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள், அது போதும். அந்தக் கட்டுரையின் மீதி எங்கே என்று மாமியார் தினமும் கேட்கிறார். திருத்தத்தோடு சேர்த்து வாசித்துக் காட்டலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தாராவி வாசகி,
மும்பை - 17