விசில் அடிக்காத குக்கருக்கு விசில் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எலக்ட்ரிக் பிரஷர் குக்கரில் ஒரு வாரச் சமையலை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போகும் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்படி என் பொறுப்பு. மின்வாரியத்தில் இருந்தவன் என்பதால் அந்தக் குக்கர்மேல் தனிப் பாசமும் உண்டு. ஆனால் நீங்கள் சொன்னபடி செய்தால் வியாழக்கிழமையைத் தாண்டுவது கஷ்டம்.

'கொண்டைக்கடலைக்கு ஐந்து விசில்' என்று போட்டிருக்கிறீர்கள். இந்தக் குக்கர் விசிலே அடிக்காது! அழுத்தம் ஏறியதும் மூடியில் உள்ள ஊசி எழும்பி நிற்கும். அதன் பிறகுதான் நிமிடக் கணக்கு. அடுப்புக் குக்கரில் சூடு 120 டிகிரியை ஒட்டிப் போகும், இதில் பெரும்பாலும் 115 பக்கம்தான். ராத்திரி முழுக்க ஊறிய கடலைக்கு 15 நிமிடம் வைத்து, அழுத்தம் தானாக இறங்கும்வரை விட்டுவிடுவேன். கரண்டு பில்லுக்குப் பயப்பட வேண்டாம். 1000 வாட் என்று எழுதியிருந்தாலும் அழுத்தம் ஏறும்வரைதான் முழு இழுப்பு. அப்புறம் விட்டுவிட்டுத்தான் இழுக்கும். ஒரு ஈடு கடலைக்கு அரை யூனிட்கூட ஆகாது. அதற்காக பிரிட்ஜ் ஓடுகிற எக்ஸ்டென்ஷன் பெட்டியிலேயே இதையும் செருகிவிடாதீர்கள். (தொழில் புத்தி, போகமாட்டேன் என்கிறது.)

என் மனத்தாங்கல் வேறு. குக்கர் நிறையச் சாம்பார் வைக்கச் சொல்லிவிட்டு, 'ஆறியதும் பிரிட்ஜில் வைக்கவும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். மூடிய குக்கரில் அது எப்போது ஆறும்? மதியம் வைத்தது விளக்கு வைக்கும் நேரத்திலும் வெதுவெதுவென்றே இருக்கும். கிருமி பெருக அந்த வெதுவெதுப்பு போதும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் ஏற்ற வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். நான் அகலமான தாம்பாளத்தில் பரப்பி, ஃபேன் அடியில் வைத்து, சூடு தணிந்ததும் சின்னச் சின்ன டப்பாவில் போடுவேன். சோற்றை மட்டும் பல நாளைக்குச் சேர்த்து வடிப்பதே இல்லை. அதிலுள்ள ஒரு பாக்டீரியாவின் வித்து வெந்தாலும் சாகாது. ஆறப்போட்ட சோற்றில் அது கக்கும் நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது.

குழம்பாக வைத்து அடுக்காமல், பருப்பையும் பயறையும் மட்டும் வேகவைத்து வைத்துக்கொள்வதே என் வழக்கம். துவரம்பருப்பில் புளி சேர்ப்பதில்லை. புளி பட்டால் பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும். மூன்று நாளைக்கு வேண்டியது கீழ்த்தட்டில், மீதி ஃப்ரீசரில். சாயங்காலம் யார் முதலில் வீடு திரும்புகிறார்களோ அவர்கள் புளியைக் கரைத்து, காயைப் போட்டுத் தாளித்தால் சாம்பார் ஆயிற்று. உங்கள் பத்திரிகையின் 'நாளைய மின்தடை' பகுதியில் எங்கள் துணைமின் நிலையத்தின் பெயர் வந்துவிட்டால், ஃப்ரீசரை நம்பி எதையும் கூடுதலாக வேகவைக்க மாட்டேன். ஒற்றைக் கதவு பிரிட்ஜின் ஐஸ் பெட்டி பகல் முழுக்கத் தாங்காது.

இன்னொன்று: மூடியின் சிலிக்கோன் வளையம் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். பூண்டு ரசம் வைத்த வளையத்தோடு பாயசம் வைத்தால் விருந்தாளி முகத்தைப் பார்க்க முடியாது. தனி வளையம் கடையில் கிடைக்கிறது.

அடுத்த இணைப்பில் விசிலை எடுத்துவிட்டு நிமிடக் கணக்கும், ஆறவைக்கும் முறையும் சேர்த்துத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
திண்டுக்கல்.