மலையகத்து மின்சாரமும் கணினிக்கான யூ.பி.எஸ்ஸும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கங்களில் மரக்கிளை முறிந்து கம்பியில் விழுவதும், மின்சாரம் போய்ப்போய் வருவதும் வழமை. இன்று லயன் வீடுகளிலும் கணினி வந்துவிட்டது. பிள்ளைகளின் பாடசாலை வேலை, இணையவழி வகுப்பு, பரீட்சை விண்ணப்பம் எல்லாம் அதில்தான் நடக்கின்றன. அதனால் கஷ்டப்பட்டுச் சேர்த்த பணத்தில், கரண்ட் போனாலும் உள்ளே இருக்கும் பெட்டரியால் கணினியைச் சிறிது நேரம் ஓடவிடும் யூ.பி.எஸ். வாங்குகிறார்கள். ஆனால் ஆறு மாதத்துக்குள்ளேயே “கரண்ட் போனால் கம்ப்யூட்டரும் சேர்ந்தே நின்றுவிடுகிறது” என்று திருத்துவதற்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவற்றில் பலவற்றில் உள்ளே எந்தப் பாகமும் பழுதாகியிருப்பதில்லை. அளவு தெரியாமல் வாங்கியது, அல்லது மாலை நேரத்துக் குறைந்த வோல்ட் பெட்டரியைத் தின்றுவிட்டது, இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். கடையில் யாரும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதால் உங்கள் பத்திரிகை வழியாக எழுதுகிறோம்.

முதலில் அளவு. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 650 என்பது வி.ஏ. (வோல்ட்-அம்பியர்); அது, கணினி உண்மையில் எடுக்கும் மின்சக்தியைச் சொல்லும் வாட் அல்ல. வீட்டுப் பாவனைக்கான 650 வி.ஏ. யூ.பி.எஸ். பெரும்பாலும் 360 முதல் 390 வாட் வரைதான் தாங்கும். அந்த வாட்டையும் எவ்வளவு நேரம் கொடுக்கும் என்பது உள்ளே இருக்கும் பெட்டரியைப் பொறுத்தது. வழமையாக இருப்பது 12 வோல்ட், 7 அம்பியர் மணி. பெருக்கினால் 84 வாட் மணி வருகிறது. ஆனால் அது 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் கணக்கு. சில நிமிடங்களில் வேகமாக இழுக்கும்போது ஈயப் பெட்டரி அதில் பாதியைத் தருவதே பெரிது. சாதாரண மேசைக்கணினியும் 20 அங்குலத் திரையும் சேர்ந்து 80 முதல் 100 வாட் எடுக்கும். புதுப் பெட்டரியில் அதற்குச் சுமார் 15 நிமிடம் கிடைக்கும். விளையாட்டுக்கான கிராஃபிக்ஸ் கார்ட் போட்ட கணினி 250 வாட்டைத் தாண்டினால் ஐந்து நிமிடம்கூடச் சந்தேகம்.

ஆகவே யூ.பி.எஸ். தருவது, செய்த வேலையைச் சேமித்துக் கணினியை முறையாக நிறுத்துவதற்கான அவகாசம் மட்டுமே. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், யூ.பி.எஸ்ஸை வைத்துக்கொண்டு முழு நேரமும் வேலை செய்யப் பார்த்தவர்களின் பெட்டரிகள் அடுத்தடுத்துச் செத்தன. ஒரு தடவை முழுதாக இறங்கிய பெட்டரி மீண்டும் நிரம்ப ஆறு முதல் எட்டு மணி நேரம் வேண்டும். அதற்குள் அடுத்த வெட்டு வந்தால் அரைகுறையாக நிரம்பிய பெட்டரி மறுபடி அடிமட்டம் வரை இறங்கும். ஈயத் தகட்டில் சல்ஃபேற் படிந்து இறுகிவிட்டால் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய நிலை வராது. பாடசாலை வேலைக்காகப் புதிதாக வாங்கும் வீட்டுக்கு எங்கள் யோசனை, மேசைக்கணினியும் யூ.பி.எஸ்ஸும் சேர்த்து வாங்குவதைவிட ஒரு மடிக்கணினி வாங்குவது நல்லது. அதன் சொந்தப் பெட்டரியே மணிக்கணக்கில் தாங்கும்.

இனி மலையகத்துக்கே உரிய தொல்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பட்டதால் நாடே இருண்டது போன்ற சம்பவங்கள் எப்போதாவதுதான் வரும். இங்கே பெட்டரியை நாள்தோறும் அரிப்பது மாலை நேரத்துக் குறைந்த வோல்ட். ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்து தூரத்தில், கம்பியின் கடைசியில் இருக்கும் லயன்களில், மாலை ஆறரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில் எல்லா வீட்டிலும் கேத்தலும் ரைஸ் குக்கரும் ஓடும்போது 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 180, 170 என்று இறங்கிவிடும். விளக்கு எரிகிறது, டி.வி. ஓடுகிறது, ஆகவே யாருக்கும் தெரிவதில்லை. மலிவான சாதாரண யூ.பி.எஸ்ஸோ இதைக் கரண்ட் போனதாகவே எடுத்துக்கொண்டு பெட்டரிக்கு மாறிவிடும். இப்படித் தினமும் மாலையில் இறங்கினால் ஒரு வருடம்கூடத் தாங்காது.

இதற்காகத்தான் ‘லைன் இன்டரெக்டிவ்’ வகையை, ஏ.வி.ஆர். (வோல்ட்டைத் தானாகச் சீராக்கும் அமைப்பு) உள்ளதைக் கேட்டு வாங்கச் சொல்கிறோம். இது பெட்டரியைத் தொடாமலே உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்ஃபோமரைக் கொண்டு வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும். 185 வோல்ட் வந்தால் 15 சதவீதம் கூட்டி 213 ஆக்கிவிடும். மாலையில் அதிலிருந்து ‘டிக், டிக்’ என்று ரிலே மாறும் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், அது தன் வேலையைச் செய்கிறது. வாங்கும்போது எத்தனை வோல்ட் வரை பெட்டரியைத் தொடாது என்று கைநூலில் பாருங்கள். 160 அல்லது 165 வரை இறங்கலாம் என்றால் இங்கே பொருந்தும். 190க்குக் கீழ் தாங்காதது நம் லயன்களுக்கு உதவாது.

குறை வோல்ட்டுக்குக் காரணம் வெளிக் கம்பியா, வீட்டு வயரிங்கா என்று கண்டுபிடிப்பது சுலபம். மின் வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு இரவு ஏழரை மணிபோல் பிளக் பொயின்ட்டில் மல்டிமீற்றரால் அளக்கச் சொல்லுங்கள். உங்கள் கேத்தல் போடாமலே 190 காட்டினால் குறை வெளிக் கம்பியில். நுகர்வோருக்கு 230 வோல்ட்டில் 6 சதவீதம் கூடக் குறைய, அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை தர வேண்டும் என்பது விதி. அளந்த நேரத்தையும் அளவையும் ஒரு கிழமைக்குக் குறித்து வைத்து, லயனில் உள்ள எல்லோரும் கையொப்பமிட்டுப் பிரதேச மின்சார அலுவலகத்தில் கொடுங்கள். மாறாக, கேத்தலைப் போட்டதும் 220 இருந்தது சடாரென்று 200க்கு இறங்கினால், கோளாறு உங்கள் வயரிங்கில். பக்கத்து அறையிலிருந்து மெல்லிய வயரில் இழுத்த இணைப்பு, தளர்ந்த முடிச்சு, கருகிய சுவிட்ச் என்று ஏதோ ஒன்று இருக்கும். அதை விட்டுவிட்டு யூ.பி.எஸ். வாங்குவதில் பயனில்லை, தீப்பிடிக்கும் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

எர்த் விஷயத்தை மன்றாடியே சொல்கிறோம். கணினியின் இரும்புப் பெட்டியைத் தொடும்போது விரலில் சுர்ரென்று ஏறினால் உங்கள் பிளக் பொயின்ட்டில் எர்த் இல்லை என்று அர்த்தம். கணினிக்குள் இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் கசியவிடும் சிறு மின்னோட்டம் எர்த் வழியாகப் போக வேண்டியது, போக இடமின்றிப் பெட்டியில் நிற்கிறது. மூன்றாவது முள்ளை முறித்துவிட்டோ, இரண்டு முள் அடப்டர் போட்டோ பாவிக்கும் வீடுகளில் யூ.பி.எஸ்ஸுக்குள் இருக்கும் மின்னெழுச்சித் தடுப்பும் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதென்று அதை நீக்கி நேராக இணைத்துக் கொடுக்கும் சிலர் இருக்கிறார்கள். தயவுசெய்து அவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள், அந்த 30 மில்லி அம்பியர் சுவிட்ச் உங்கள் பிள்ளையின் உயிருக்காகப் பொருத்தியது.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி முழங்கும்போது எந்த யூ.பி.எஸ்ஸும் காப்பாற்றாது. முதல் முழக்கம் கேட்டதும் வேலையைச் சேமித்துக் கணினியை நிறுத்தி, யூ.பி.எஸ்ஸின் முன் பொத்தானையும் அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள். செம்புத் தொலைபேசிக் கம்பியில் இணையம் வருபவர்கள் அந்தக் கம்பியையும் ரவுட்டரிலிருந்து பிடுங்க வேண்டும். மின்னலில் எரிந்து வரும் கணினிகள் பலவற்றில் அடி அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது.

எதை யூ.பி.எஸ்ஸில் மாட்டலாம்? கணினி, திரை, ரவுட்டர், இவ்வளவுதான். லேசர் பிரின்டர் சூடேறும்போது பல நூறு வாட்டை ஒரே இழுப்பில் இழுத்து யூ.பி.எஸ்ஸை நிறுத்திவிடும். அயன் பொக்ஸ், ஹீட்டர் பற்றிப் பேசவே வேண்டாம். யூ.பி.எஸ்ஸை மல்டி பிளக்கில் செருகாமல் நேராகச் சுவரில் செருகுங்கள்.

நல்ல பெட்டரி இருந்தும் கரண்ட் போன கணமே கணினி மறுபடி தொடங்கினால் கணினியின் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள். யூ.பி.எஸ். மாறுவதற்கு 4 முதல் 10 மில்லி விநாடி எடுக்கும். நல்ல பவர் சப்ளை 16 மில்லி விநாடி வரை மூச்சுப் பிடித்துக்கொள்ளும். மின்தேக்கி ஊதிப்போன பழையது பிடிக்காது. ‘80 ப்ளஸ்’ முத்திரையுள்ள சில புதிய பவர் சப்ளைகளுக்கு மலிவு யூ.பி.எஸ். பெட்டரியில் ஓடும்போது தரும், படிக்கட்டு போல் ஏறி இறங்கும் மின் அலை ஒத்துக்கொள்வதில்லை. அவற்றுக்கு, சுவர் மின்சாரத்தைப் போல் சீராக வளையும் தூய சைன் அலை தரும் யூ.பி.எஸ். வேண்டும், விலை கூட.

பெட்டரி மாற்றுவது கைப்பழக்கம் உள்ளவருக்குக் கடினமில்லை. பிளக்கைக் கழற்றி, முன் பொத்தானை அணைத்து, கணினி வயர்களையும் எடுத்துவிட்டு அடித்தட்டின் திருகுகளைத் திறக்க வேண்டும். பழைய பெட்டரியில் முதலில் கறுப்பு வயர், பிறகு சிவப்பு. புதியதில் சிவப்பு கூட்டலுக்கும் கறுப்பு கழித்தலுக்கும். மாறினால் உள்ளே ஃபியூஸும் சில நேரம் போர்டும் போய்விடும். கடைசி வயரைத் தொடும்போது ஒரு சிறு பொறி பறக்கும், அது இயல்பு. பெட்டரியில் வயர் செருகும் முள்ளின் அகலம் 4.8 மில்லிமீற்றரா, 6.3 மில்லிமீற்றரா என்று பார்த்து வாங்குங்கள். தளர்வாகப் பொருந்தினால் அந்த இடம் சூடாகி உருகும். கடையில் வாங்கும்போது தராசில் வைக்கச் சொல்லுங்கள். உண்மையான 7 அம்பியர் மணி பெட்டரி 2 கிலோவுக்குக் குறையாது. ஒன்றரைக் கிலோதான் என்றால் ஈயம் குறைவு, எழுதியிருக்கும் எண் வெறும் எண். மல்டிமீற்றரில் 12.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டும் ‘புதுப்’ பெட்டரி கடையில் பல மாதம் கிடந்தது, வாங்காதீர்கள். மாட்டியதும் எட்டு மணி நேரம் சார்ஜ் ஆக விட்டுப் பிறகு பாவியுங்கள்.

பைக் பெட்டரி, கார் பெட்டரியை வயர் இழுத்து யூ.பி.எஸ்ஸில் கட்டும் பழக்கம் தோட்டங்களில் பரவியிருக்கிறது. சிறிய யூ.பி.எஸ்ஸின் சார்ஜர் ஒரு அம்பியர் அளவுதான் தரும், 40 அம்பியர் மணி பெட்டரியை நிரப்ப இரண்டு நாள் வேண்டும். பத்து, பதினைந்து நிமிடத்துக்காக அமைத்த ட்ரான்ஸ்ஃபோமர் மணிக்கணக்கில் ஓடினால் கருகும். திறந்த அமிலப் பெட்டரி சார்ஜ் ஆகும்போது வெளிவிடும் ஹைட்ரஜன், ஜன்னலை மூடிப் படுக்கும் லயன் அறையில் பெரிய ஆபத்து.

நம் குளிரால் ஒரு நன்மையும் உண்டு. இவ்வகைப் பெட்டரி 25 பாகையில் மூன்று முதல் ஐந்து வருடம் வாழும். பத்துப் பாகை கூடினால் ஆயுள் பாதியாகும். நுவரெலியாவின் சராசரி ஏறத்தாழ 16 பாகை. ஆகவே கொழும்பைவிட இங்கே பெட்டரி நீண்ட நாள் உழைக்கும், குளிரில் கிடைக்கும் நேரம் மட்டும் பத்தில் ஒரு பங்கு குறையும். பனிமூட்டத்தின் ஈரம்தான் எதிரி. சிமெந்துத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். துணி போட்டு மூடாதீர்கள்.

வீட்டில் ஆளில்லாதபோது கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்பவர்கள், யூ.எஸ்.பி. துளை உள்ள யூ.பி.எஸ். வாங்கி அந்த வயரைக் கணினியில் செருகட்டும். விண்டோஸில் கொன்ட்ரோல் பெனல், பவர் ஒப்ஷன்ஸ் போய், ‘கிரிட்டிக்கல் பெட்டரி எக்ஷன்’ என்பதில் ஹைபர்னேட்டைத் தெரிவுசெய்து, ‘கிரிட்டிக்கல் பெட்டரி லெவல்’ அளவை 30 சதவீதமாக்குங்கள். பழகிய பெட்டரி 25லிருந்து ஒரேயடியாகச் சைபருக்கு விழும் என்பதால் 5 சதவீதம் வரை காத்திருக்க விடக்கூடாது.

ரவுட்டருக்கு மட்டும் 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். தனியாக வாங்கினால் போதும். 8800 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருப்பது உள்ளே உள்ள 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. அதன்படி கிடைப்பது 32 வாட் மணி, 10 வாட் ரவுட்டர் இரண்டரை மணி நேரம் ஓடும்.

தோட்டப் பாடசாலைக் கணினி அறைகளின் பொறுப்பாசிரியர்களுக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை மெயின் சுவிட்சை அணைப்பதற்கு முன் ஒவ்வொரு யூ.பி.எஸ்ஸின் பொத்தானையும் அணையுங்கள். இல்லாவிட்டால் யாருமில்லாத அறையில் அவை கத்திக் கத்தியே பெட்டரியை வெறுமையாக்கும். தவணை விடுமுறையில் இடையே ஒரு நாள் திறந்து சார்ஜ் போட ஆள் ஏற்பாடு செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, கணினியில் வேலை எதுவும் திறந்திராதபோது சுவர் சுவிட்சை அணைத்து எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம், சுவிட்சை மட்டும் அணைத்தால் எர்த் அப்படியே இருக்கும்.

கடைக்காரர்களிடம் கேட்பது இதுதான்: பில்லில் வி.ஏ. மட்டும் எழுதாமல் வாட் அளவு, பெட்டரியின் அம்பியர் மணி, பெட்டரிக்குத் தனியாக எத்தனை மாத உத்தரவாதம் என்பவற்றையும் எழுதிக் கொடுங்கள். பழைய பெட்டரியை எடைபோட்டுத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்காவிட்டால் அது தேயிலைக் காட்டுக்கோ ஓடைக்கோ போகிறது, அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழ்ப்பிரிவு லயன்களில் குடிக்கிறார்கள்.

இப்படிக்கு,
கணினி, மின்னுபகரணத் திருத்துநர்கள்,
ஹட்டன்.