ஒன்றரைப் பவுன் பறவை

கயம்பே, ஈக்வடார்

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

பிப்ரவரி 14-க்கான ரோஜா வெட்டு ஒருவழியாக முடிந்தது. ஓசூர்ப் பண்ணையில் பட்ட பாடெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை செய்கிறவர் ஒருவர் தலைநகர் கித்தோவுக்குப் பக்கத்தில் பிச்சின்சா எரிமலைச் சரிவில் இருக்கும் யானகோச்சா காட்டுக்குக் கூட்டிப் போனார். 3,000 மீட்டருக்கும் மேலே. ஊட்டியே 2,240தான், பார்த்துக்கொள். பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது. மேகம் மரங்களுக்குள்ளேயே புகுந்து திரிகிறது. கிளையெல்லாம் பாசி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

அங்கேதான் அதைப் பார்த்தேன். கொலிப்ரி என்கிறார்கள், அதுதான் ஹம்மிங்பேர்ட் பறவை. இதற்கு மட்டும் 'வாள்மூக்கு' என்று அடைமொழி. வாலை விட்டுவிட்டு அளந்தால் உடம்பை விட மூக்கு நீளம்! எடை 12 கிராம் இருக்கும், அதாவது ஒன்றரைப் பவுன். உன் செயினே அதை விடக் கனம். கிளையில் உட்காரும்போது மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கி வைத்துக்கொள்கிறது. இல்லாவிட்டால் பாரம் தாங்காதாம். அவ்வளவு நீள மூக்கை வைத்துக்கொண்டு நெஞ்சைக் கோத முடியுமா? காலைத் தூக்கி, நாய் சொறிவது மாதிரி வறட் வறட்டென்று சொறிந்துகொண்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நம் கொல்லைத் தேன்சிட்டு என்று அப்பா நினைத்துவிடப் போகிறார். இது வேறு சாதி, அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் கிடையாது. தேன்சிட்டு செம்பருத்தியின் அடியில் ஓட்டை போட்டுத் தேன் திருடுமே, இதற்கு அந்த வேலையெல்லாம் தேவையில்லை. அந்தரத்தில் நின்றபடியே நீளக் குழல் பூவுக்குள் மூக்கை முழுசாக விட்டு உறிஞ்சுகிறது. தலைகீழாகத் தொங்கும் ஊமத்தை மாதிரி ஒரு பூ உண்டு, அதிலும் குடிக்கும். ஆனால் அதற்கென்றே வாய்த்தது ஒரு காட்டுக் கொடி. அந்தப் பூவின் குழல் அத்தனை நீளம். மகரந்தம் மாறி, காய் பிடிக்க அந்தக் கொடி பெரும்பாலும் இந்தப் பறவையைத்தான் நம்பியிருக்கிறது.

அந்தக் கொடிக்குச் சொந்தக்காரப் பழம் ஒன்று சந்தையில் கிடைக்கும், தக்ஸோ என்று பெயர். நல்ல புளிப்பு. ஜூஸ் போடுவார்கள். புளி தீர்ந்துபோனதால் போன வாரம் அதைப் பிழிந்து ரசம் வைத்தேன். வாசனை என்னவோ ஜாம் மாதிரி. ஒரு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை.

பார்சலில் ஸ்வெட்டர் வேண்டாம். புளி வை.

அன்புடன்,
உன் மகன்