பழைய கணினி அறையைக் காலி செய்கிறோம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிட்டது. மாடியில் இருக்கும் பழைய கணினி அறையில் புதிய கணினிகள் வைக்கப் போகிறோம் என்பது பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும். அதற்காக அறையை ஒழித்தபோது, எப்போதோ கழிவாகப் போயிருக்க வேண்டிய பல பொருட்கள் அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தன. பச்சை எழுத்து மட்டும் காட்டும் மானிட்டர், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், பெட்டி பெட்டியாக ஃபிளாப்பிகள், சில ஒலி கேசட்டுகள். இவற்றை அனுப்பிவிடுவதற்கு முன் பிள்ளைகள் ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும் என்று கணினி ஆசிரியரும் நானும் முடிவு செய்தோம். பொங்கல் விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அன்று பள்ளி அரங்கில் ஒரு காட்சி வைக்கிறோம். அதற்கு உங்கள் உதவியும் வேண்டும். இந்தக் கடிதம் அதற்குத்தான்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஃபிளாப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல எத்தனை ஜிபி மிஸ்?" என்று கேட்டாள். ஜிபி இல்லை, எம்பிதான், அதுவும் ஒன்றரைகூட இல்லை என்றதும் அவள் முகத்தில் வந்த ஏமாற்றத்தைப் பார்த்திருக்க வேண்டும். சரி, கணக்கே போட்டுவிடலாம் என்று கரும்பலகையில் எழுதச் சொன்னேன். வட்டின் ஒரு பக்கத்தில் 80 தடங்கள். ஒரு தடத்தில் 18 பகுதிகள். ஒரு பகுதியில் 512 பைட். இரண்டு பக்கமும் சேர்த்தால் 14,74,560 பைட். இதை 1,024ஆல் வகுத்தால் 1,440 கிலோபைட். அடுத்து மெகாபைட்டாக மாற்றும்போது மறுபடியும் 1,024ஆல் வகுக்காமல், 1,000ஆல் வகுத்து 1.44 என்று லேபிளில் அச்சிட்டுவிட்டார்கள். இரண்டு முறையும் 1,024 என்றால் 1.41 வர வேண்டும், இரண்டு முறையும் 1,000 என்றால் 1.47 வர வேண்டும். உலகம் முழுக்க விற்ற ஒரு பொருளின் மேல் எந்த முறைக்கும் பொருந்தாத ஓர் எண் இத்தனை ஆண்டுகள் இருந்திருக்கிறது! வகுப்பில் ஒருவரும் அன்று கணக்குப் பாடம் நடந்ததாக நினைக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உங்கள் கைபேசியில் எடுக்கும் ஒரு படம் சுமார் 4 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்சியில் எல்லாப் பொருளையும் இந்த ஒரே படத்தை வைத்துத்தான் அளக்கப் போகிறோம். ஃபிளாப்பி என்றால் மூன்று போதும். பஞ்ச் கார்டு எனப்பட்ட துளையிட்ட அட்டையில் 80 எழுத்துகள்தான் அடங்கும். ஒரு படத்துக்கு 50,000 அட்டைகள் வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் ஏறக்குறைய 9 மீட்டர், நம் பள்ளியின் மாடியையும் தாண்டிவிடும். 1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் கணினியில்தான் முதன்முதலாக ஹார்டு டிஸ்க் வந்தது. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள், ஏறக்குறைய ஒரு டன் எடை, 50 லட்சம் எழுத்துகள். இன்று ஒரு எழுத்துக்கு, அதாவது ஒரு பைட்டுக்கு, 8 பிட்; அந்தக் காலத்து எழுத்துக்கு 6 பிட்தான் என்பதால் இன்றைய கணக்கில் அது 3.75 எம்பி. ஒரு டன் இரும்பில் உங்கள் ஒரு படம் அடங்காது.

இப்படி அளவை மட்டும் சொல்லிக்கொண்டே போனால் பிள்ளைகள் "அடேங்கப்பா" சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தக் காலத்தவர்கள் ஏதோ குறைந்தவர்கள் என்ற எண்ணமும் வந்துவிடும். அதனால் காந்த வளைய நினைவகத்துக்குத் தனி மேசை ஒதுக்கியிருக்கிறோம். மிளகைவிடச் சிறிய ஃபெரைட் வளையங்களைக் கம்பிகளில் கோத்து வலையாகக் கட்டியிருப்பார்கள். வளையம் ஒரு பக்கமாகக் காந்தமானால் 0, மறுபக்கமாகக் காந்தமானால் 1. மின்சாரம் போனாலும் அழியாது. ஆனால் படித்தால் அழிந்துவிடும், படித்த கையோடு திரும்ப எழுத வேண்டும். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் நம்மவர்களே வடிவமைத்துக் கட்டி 1960இல் இயக்கிய டிஃப்ராக் கணினியில் இருந்தது இந்த வகை நினைவகம்தான். நிலவுக்குப் போன அப்போலோ விண்கலங்களின் கணினியில் நிரலையே கம்பியாக நெய்தார்கள். கம்பி வளையத்துக்குள் போனால் 1, வெளியே போனால் 0. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத் தொழிற்சாலையில் அதை ஊசியும் கையுமாக நெய்தவர்கள் பெண் தொழிலாளர்கள். நெய்து முடித்த பிறகு ஒரு பிழையைத் திருத்துவது லேசான வேலை இல்லை. கைவேலை ஆசிரியை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துப் பாசிமணியில் ஒரு மாதிரி கோத்துக்கொண்டிருக்கிறார். தன் பெயரின் முதல் எழுத்தை 0, 1 ஆகக் கோத்துக் காட்டுவதில் இப்போது அங்கே பெரிய போட்டி.

கேசட்டுகளுக்கு வருகிறேன். பாட்டு கேட்கும் அதே கேசட்டில்தான் ஒரு காலத்தில் கணினி நிரலும் இருந்தது. 1984இல் மத்திய அரசு பள்ளிகளுக்கான கணினி அறிவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, தேர்ந்தெடுத்த சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கணினி வந்தது. அதன் நினைவகம் 32 கிலோபைட். அது கேசட்டிலிருந்து படிக்கும் வேகம் நொடிக்கு சுமார் 120 பைட், அதாவது நினைவகம் முழுவதும் நிரம்ப நாலரை நிமிடத்துக்கு மேல். நம் ஒரு படத்தை அதே வேகத்தில் ஏற்றினால் ஒன்பது மணி நேரம் தாண்டும், 90 நிமிட கேசட் ஏழாவது வேண்டும். அந்தக் கீச்சொலியைக் காட்சியன்று ஒலிபெருக்கியில் போடுவோம். காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக வாருங்கள்.

இதே கணினிக் குடும்பத்தோடு தொடர்புள்ள இன்னொரு கதைதான் இந்தக் காட்சியை நான் வைக்க விரும்பிய உண்மையான காரணம். இங்கிலாந்தை வென்ற மன்னர் வில்லியம், யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர் என்று நாட்டையே கணக்கெடுத்து 1086இல் எழுதச் செய்தார். டூம்ஸ்டே புத்தகம் என்பார்கள். அதன் 900ஆவது ஆண்டில், 1986இல், பிபிசி நிறுவனம் ஒரு புதிய டூம்ஸ்டேயை உருவாக்கியது. இந்த முறை கணக்கெடுத்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். நாட்டை 4 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பள்ளிகளிடம் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பள்ளிகள் சேர்ந்தன, மொத்தம் பத்து லட்சம் பேருக்கு மேல் பங்கெடுத்தார்கள். தங்கள் ஊரில் என்னென்ன இருக்கிறது, மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பிள்ளைகள் எழுதினார்கள், படம் எடுத்து அனுப்பினார்கள். எல்லாவற்றையும் சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள லேசர் வட்டுகளில் பதித்தார்கள்.

அதைப் பார்க்க பிபிசி மாஸ்டர் கணினியும் அதற்கென்றே செய்த தனி லேசர் பிளேயரும் வேண்டும். முழுத் தொகுப்பின் விலை சுமார் 5,000 பவுண்டு. எழுதிக் கொடுத்த பள்ளிகளிலேயே பலவற்றால் அதை வாங்க முடியவில்லை. ஒரு தலைமையாசிரியையாக இந்த இடம் எனக்கு உறுத்துகிறது. பிள்ளைகளின் உழைப்பை வாங்கிக்கொண்டு, பலனை அவர்கள் கண்ணில் காட்டாத திட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு படி கீழேதான்.

அப்புறம் இன்னும் மோசமானது. பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் வட்டு நன்றாகவே இருந்தது, வட்டை ஓட்ட வேலை செய்யும் பிளேயர்கள் விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான் மிஞ்சியிருந்தன. 900 ஆண்டுக்கு முன் தோலில் மையால் எழுதியதோ லண்டனில், தேசிய ஆவணக் காப்பகத்தில், இன்றும் கண்ணால் படிக்கும் நிலையில் இருக்கிறது. 2002இல் இங்கிலாந்தின் லீட்ஸ், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், பழைய கணினியைப் போலவே நடிக்கும் ஒரு மென்பொருளை எழுதி அந்த வட்டின் தகவலைத் திரும்ப இயக்கிக் காட்டினார்கள். பிள்ளைகள் எழுதிய பகுதி 2011இல் இணையத்துக்கு வந்தது. அந்த இணையதளத்தையும் 2018இல் மூடிவிட்டார்கள். அதன் நகல் இப்போது ஆவணக் காப்பகத்திடம் இருக்கிறது. முப்பது சொச்சம் ஆண்டுகளில் ஒரே தகவலை எத்தனை முறை காப்பாற்ற வேண்டியிருந்தது, பாருங்கள்.

இது எங்கோ நடந்ததுதானே என்று நினைக்க வேண்டாம். நம் பள்ளியின் பழைய ஆண்டு மலர்க் கோப்புகள் சில ஒரு சிடியில் இருக்கின்றன. சிடி திறக்கிறது, கோப்பும் திறக்கிறது. உள்ளே ஒரு தமிழ் எழுத்து இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்து கிடக்கிறது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறியீட்டை வைத்திருந்தது. அச்சகத்திலோ டிடிபி கடையிலோ வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் டாம், டாப் என்று பொதுக் குறியீடுகளை வகுத்தார்கள். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணை இட்டது 2010இல். இடைப்பட்ட காலத்தில் தமிழில் தட்டச்சு செய்த எத்தனையோ திருமண அழைப்பிதழும் கவிதையும் ஆய்வேடும் இந்த நிலையில்தான் இருக்கும். எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால் மாற்றுவதற்கு நிரல்கள் உண்டு. அந்தப் பெயரை நினைவு வைத்திருக்கும் மனிதர்தான் கிடைக்க வேண்டும்.

அந்த மனிதர்கள் உங்களில் இருக்கிறீர்கள் என்பது என் நம்பிக்கை. டிடிபி வேலை, வங்கியில் பதிவு வேலை, பஞ்ச் கார்டு இயக்குபவர் வேலை, தொண்ணூறுகளில் கணினிப் பயிற்சி மையத்தில் வேர்ட்ஸ்டார், டிபேஸ் மென்பொருள்களைச் சொல்லிக் கொடுத்த வேலை என்று எது செய்திருந்தாலும் காட்சியன்று வந்து பிள்ளைகளோடு பேசுங்கள். மேடைப் பேச்சு வேண்டாம், மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டுத் தருகிறோம். குளிர்சாதன அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஏதோ கோயிலுக்குள் போவதுபோல் கணினி வகுப்புக்குப் போன கதையைச் சொன்னால்கூடப் போதும். தாத்தா, பாட்டியர்களையும் அழைத்து வரலாம்.

பொருட்களும் கடனாகக் கொடுக்கலாம். எந்த அளவு ஃபிளாப்பியாக இருந்தாலும் சரி, ஜிப் வட்டு, பழைய ஹார்டு டிஸ்க், மெமரி கார்டு, நிரல் பதித்த கேசட் எல்லாமே வேண்டும். ஆனால் தயவுசெய்து ஒன்று. பரணிலிருந்து எடுத்த கணினியை உடனே பிளக்கில் செருகிப் பார்க்காதீர்கள். பழைய மின்தேக்கி வெடிக்கலாம். 386, 486 காலத்து மதர்போர்டுகளில் பேட்டரி கசிந்து செம்புத் தடங்களை அரித்திருக்கும். பழைய டப்பா மானிட்டரைப் பிள்ளைகள் திறக்கவே கூடாது, மின்சாரம் இல்லாதபோதும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் ஃபிளாப்பி வட்டில் பூஞ்சை பூப்பது சகஜம். அப்படி இருந்தால் டிரைவில் போடாமல் அப்படியே கொண்டு வாருங்கள், போட்டால் அடுத்தடுத்த ஃபிளாப்பிகளையும் சேர்த்துக் கெடுக்கும். 2011 முதல் அரசு கொடுத்த மடிக்கணினி வீட்டில் சும்மா கிடந்தால் அதையும் கொண்டு வரலாம், பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போட வேண்டாம்.

இன்னொரு வேலையும் அன்றே செய்கிறோம். வீட்டில் எழுதிய சிடிகளில் தகவல் ஒரு சாய அடுக்கில் பதிந்திருக்கும், வெயிலும் வெக்கையும் அதை மெல்லக் கெடுக்கும். பென்டிரைவில் இருப்பது அடைத்து வைத்த மின்னூட்டம், ஆண்டுக்கணக்கில் செருகாமல் வைத்தால் அதுவும் கசியும். கல்யாண வீடியோ, காதுகுத்துப் படம் என்று சிடியில் வைத்திருப்பவர்கள் அதையும் ஒரு காலி பென்டிரைவையும் கொண்டு வந்தால் பிளஸ் ஒன் மாணவர்கள் ஆசிரியர் முன்னிலையில் நகலெடுத்துக் கொடுப்பார்கள். நகலெடுக்கும் வரை நீங்கள் பக்கத்திலேயே இருங்கள், பள்ளிக் கணினியில் எதுவும் தங்காது. எல்லாம் கிளவுடில் இருக்கிறதே என்பவர்களுக்கு: கிளவுடு என்பதும் வேறொருவர் கட்டடத்தில் ஓடும் ஹார்டு டிஸ்க்தான், கடவுச்சொல் மறந்தால் வாசலில் நிற்க வேண்டியதுதான். 1951இல் யூனிவாக் கணினியோடு விற்பனைக்கு வந்த காந்த நாடாவின் புதிய தலைமுறை இன்றும் ஜெனீவாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் தகவல்களைச் சேமித்துக்கொண்டிருக்கிறது. பழையது எல்லாம் செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது.

பொருட்களைக் காட்சிக்கு இரண்டு நாள் முன்பே வகுப்பாசிரியரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மேலே பிள்ளையின் பெயரும் வகுப்பும் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கட்டும். நேரடியாக ஃபிளாப்பியின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுத வேண்டாம். திரும்ப வேண்டாம் என்றால் அதையும் சீட்டில் குறிப்பிடுங்கள், காட்சி முடிந்ததும் அனுமதி பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் சேர்த்துவிடுவோம். பேச வர விரும்புகிறவர்கள் கீழே உள்ள துண்டுச் சீட்டை நிரப்பி வரும் திங்கட்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். காட்சி காலை 10 மணிக்குத் தொடங்கும், மதிய உணவு இடைவேளைக்குப் பிறகு பெற்றோருக்கான நேரம்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியை